ஒரே மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் ஏன் பலிப்பதில்லை?

சாயப் பட்டறை வேலை அறிந்த நம் உறுப்பினர்களுக்கு ஓர் உண்மை புதிதன்று. இரண்டு ஆலைகளிலிருந்து வந்த நூலை ஒரே தொட்டியில், ஒரே அளவு சாயத்தில், ஒரே நேரம் தோய்த்தாலும் நிறம் ஒன்றுபோல் ஏறுவதில்லை. ஒரு சிட்டம் ஆழ்ந்த நிறம் கொள்ளும். மற்றொன்று வெளிறி நிற்கும். அதற்காக, சாயமே கெட்டதென்று அனுபவமுள்ள சாயக்காரர் தொட்டியைக் கவிழ்த்து விடுவதில்லை. நூலின் தன்மையைப் பார்க்கிறார்; அளவை மாற்றுகிறார். தொட்டியின் அருகில் நமக்கு இருக்கும் இந்த நிதானம் மாத்திரை விஷயத்தில் இருப்பதில்லை என்பதை அண்மையில் நேரில் கண்டோம்.

ஆய்வுப் பணியை முன்னிட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு நாம் சென்றிருந்தோம். பேரேடுகளைப் பார்த்து முடித்து வெளியே வந்தபோது, திண்ணையில் உறுப்பினர் இருவர் வாதித்துக் கொண்டிருந்தனர். இருவரும் அறுபதை ஒட்டியவர்கள், ஒரே தெருவினர், மாமன் மைத்துனர் உறவு. இருவருக்கும் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதைக் கண்ட டாக்டர், ஒரே மாத்திரையை ஒரே அளவில் கொடுத்திருந்தார். மூத்தவருக்கு மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது. தொல்லை ஒன்றும் இல்லை. இளையவருக்கோ தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி கண்டு, குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிக்க இயலாமற் போயிற்று. அவர் எவரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதோடு நில்லாமல், “அந்த மாத்திரை ஆளைப் படுக்கையில் போட்டுவிடும்” என்று தெருவெல்லாம் சொல்லவே, மேலும் மூவர் நிறுத்தினர். அவர்களுள் ஒருவர் முன்பே மாரடைப்பு வந்து பிழைத்தவர்.

“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாப்பிள்ளை, உன் வலியெல்லாம் மனப்பிராந்தி” என்றார் மூத்தவர். “உங்கள் கால் உங்களுக்கு, என் கால் எனக்கு, மாமா” என்றார் இளையவர்.

இருவர் சொன்னதும் அவரவர் மட்டில் பொய்யன்று. தன் உடல் கண்டதையே பிறர் உடலுக்கும் தீர்ப்பாக எழுதியதில்தான் பிழை இருக்கிறது. பொதுக்குழுவில் பெரும்பான்மையோர் எடுத்த முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும். மருந்து விஷயத்தில் அவ்விதி செல்லாது. ஏன் செல்லாது என்பதற்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள விடை தெளிவானது. நாம் வைத்தியம் பயின்றவரல்லோம். எனினும் படித்தறிந்ததை உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையென்று கருதி இதனை எழுதுகிறோம்.

கொலஸ்ட்ராலும் ஈரலும்

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் சுவர் அமைக்க அது வேண்டும். பித்தநீர் உண்டாகவும் அது வேண்டும். அதன் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலிருந்து வருவதில்லை. உடலே அதை ஆக்கிக் கொள்கிறது. அவ்வாக்கத்தில் முதன்மை இடம் ஈரலுக்கு உரியது. கொழுப்புப் பொருளாதலால் அது இரத்தத்தில் கரையாது. சில சுமைதாங்கிகளின் மீதேறியே ஊர் சுற்றுகிறது. அவற்றுள் எல்.டி.எல். என்பது அளவு மிஞ்சினால் இரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்து வழியை அடைக்கும். மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் அதுவே பெருங்காரணங்களுள் ஒன்று.

இந்த எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக் கொள்வதற்கு ஈரல் உயிரணுக்களின் மேற்புறத்தில் கைகள் போன்ற அமைப்புகள் உண்டு. இவற்றைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் டெக்ஸஸ் அறிஞர் இருவருக்கும் 1985-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இனி மருந்தின் கதை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, 1971-ஆம் ஆண்டு தொடங்கிச் சுமார் 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்தார். கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் அவற்றில் இருக்குமா என்பதே அவர் தேடல். 1973-இல் நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றில் அதனைக் கண்டார். அப்பூஞ்சை கியோட்டோ நகரத்து தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நம் பயிரிடும் உறுப்பினர்கள் சுவையுடன் கேட்பர். ஸ்டாடின் என்னும் மருந்துக் குடும்பத்திற்கு அதுவே மூதாதை. அக்குடும்பத்தில் முதலாவதாக லோவாஸ்டாடின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் நாட்டில் டாக்டர்கள் எழுதும் அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் முதலியவை அக்குடும்பத்தினவே.

ஸ்டாடின் செய்வது யாது? ஈரலுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. கையிருப்புக் குறைந்த ஈரல், மேற்புறத்தில் தன் கைகளைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக் கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குகிறது. இதன் பயன் சிறிதன்று. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆராய்ச்சி ஒன்றில், இதய நோயுள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். சிம்வாஸ்டாடின் உண்டவர்களிடையே இறப்பு, உண்ணாதவர்களிடையே இருந்ததைவிட நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. ஆகவே தெருப்பேச்சைக் கேட்டு இதனை நிறுத்துவது விளையாட்டுக் காரியமன்று.

நான்கு படிகள்

விழுங்கிய மாத்திரை பலன் தருமுன் நான்கு படிகளைக் கடக்க வேண்டும். குடலிலிருந்து இரத்தத்திற்கு வர வேண்டும்; இரத்தத்திலிருந்து ஈரலுக்குள் நுழைய வேண்டும்; அங்கே உற்பத்தியைத் தடுக்க வேண்டும்; அதன்பின் ஈரல் தன் கைகளைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வேலை செய்யும் புரதங்கள் உண்டு. அப்புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்பே மரபணு. ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு நமக்கு வருகின்றன.

ஜக்கார்டு அட்டையை இதற்கு ஒப்பிடலாம். அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் சில வேளை சேலையில் கண்ணுக்கே புலப்படாது. சில வேளை பூவே உருமாறிவிடும். மரபணுவிலும் ஓர் எழுத்து மாறுவதால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. சில இடங்களில் மட்டும் புரதத்தின் வேலை தளர்ந்து போகும். மாறிய எழுத்துள்ளவர் நோயாளி அல்லர். அவர் வாழ்நாள் முழுவதும் அது தெரியாமலே இருக்கலாம். குறிப்பிட்ட மருந்து உள்ளே போகும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது.

ஈரலின் வாசற்கதவு

இவற்றுள் மிகத் தெளிவாக அறியப்பட்டது இரண்டாம் படி. ஸ்டாடினை இரத்தத்திலிருந்து ஈரலுக்குள் ஏற்றும் கதவு போன்ற ஒரு புரதம் உண்டு. அதற்குரிய மரபணுவின் பெயர் எஸ்.எல்.சி.ஓ.1பி1. அதில் ஓர் எழுத்து மாறியவருக்குக் கதவு முழுதும் திறப்பதில்லை. மருந்து ஈரலுக்குள் போதிய அளவு புகாமல் இரத்தத்தில் தேங்கி, தசைகளைச் சென்றடைகிறது. தசைகளுக்கு அது வேண்டாத விருந்தாளி.

இது வெளிப்பட்ட விதம் அறியத்தக்கது. பிரிட்டனில் மாரடைப்பு வந்து பிழைத்த சுமார் 12,000 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின். மறு பாதியினருக்கு 20 மில்லிகிராம். 80 மில்லிகிராம் உண்டவர்களில் சிலருக்குத் தசை நோய் கண்டது. அவ்வாறு கண்ட 85 பேரையும், அதே அளவு உண்டும் நலமாயிருந்த 90 பேரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 3,00,000 இடங்களைச் சோதித்தபோது, ஒரே ஓர் இடம்தான் இரு கூட்டத்தாரையும் ஐயத்திற்கிடமின்றிப் பிரித்துக் காட்டியது; மேற்சொன்ன கதவு மரபணுவே அது. 2008-இல் இம்முடிவு வெளியாயிற்று.

மாறிய பிரதி ஒன்று உடையவருக்குத் தசை நோய்க்கான வாய்ப்பு சுமார் நாலரை மடங்கு. இரண்டும் மாறியவருக்குச் சுமார் 17 மடங்கு. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோருக்கு இந்த ஓர் எழுத்தே காரணமெனக் கணக்கிட்டனர். ஐரோப்பியரிடையே நூறு பிரதிகளில் சுமார் 15 இவ்வாறு மாறியுள்ளன. எனவே இது அரிதான விஷயமன்று.

இங்கே இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, மேற்சொன்ன ஆபத்து 80 மில்லிகிராம் என்னும் உயர்ந்த அளவில் கண்டது. குறைந்த அளவில் ஆபத்தும் மிகக் குறைவு. இரண்டாவது, சிம்வாஸ்டாடினில் இவ்விளைவு வலுவாகவும், வேறு சில ஸ்டாடின்களில் மெலிவாகவும் இருக்கிறது. அளவை இரட்டிப்பதால் எல்.டி.எல். மேலும் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே இறங்குகிறது. இவ்வளவு சிறிய ஆதாயத்திற்காகப் பெரிய ஆபத்தை மேற்கொள்வது தகாதன்றோ? 2011-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், புதிய நோயாளிகளுக்கு 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின் தொடங்கலாகாது என்று அறிவித்தது.

குடலின் காவற்காரன்

முதற்படியிலும் வேறுபாடு உண்டு. குடலுக்குள் வந்த சில மருந்துகளைத் திரும்ப வெளியே தள்ளும் காவற்காரன் போன்ற புரதத்தை ஏ.பி.சி.ஜி.2 என்னும் மரபணு அமைக்கிறது. அதில் குறிப்பிட்ட ஓர் எழுத்து இரு பிரதிகளிலும் மாறியிருந்தால் காவல் தளர்கிறது. அதே அளவு ரோசுவாஸ்டாடின் உண்டாலும் இரத்தத்தில் சேரும் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. கிழக்காசிய மக்களிடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிரதிகளில் இம்மாற்றம் காணப்படுகிறது.

இதில் நமக்கும் தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. ரோசுவாஸ்டாடினுக்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட விவரக் குறிப்பில், ஆசிய வழியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளையரோடு ஒப்பிடும்போது ஆசியர் இரத்தத்தில் இம்மருந்து சுமார் இரு மடங்கு சேர்வதாகச் சோதனைகளில் கண்டனர். அச்சோதனைகளில் இந்திய வழியினரும் இருந்தனர். எனினும், ஒரு நாட்டாரின் சராசரி வேறு, ஒருவருடைய உடல் வேறு. ஒரே குடும்பத்து அண்ணனுக்கும் தம்பிக்குமே பிரதிகள் வேறுபடக்கூடும்.

கைகள் குறைவாகப் பிறந்தவர்கள்

நான்காம் படிக்கு வருவோம். எல்.டி.எல்.லைப் பிடிக்கும் கைகளுக்குரிய மரபணுவே சிலருக்குப் பழுதுபட்டிருக்கும். ஒரு பிரதி பழுதானவர் உலகில் சுமார் 250 பேருக்கு ஒருவர். இவர்களுக்குச் சிறுவயது முதலே கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கும். மெலிந்த உடலும் எளிய உணவும் உடையவராயினும் நாற்பது ஐம்பது வயதில் மாரடைப்பு வரலாம். ஸ்டாடின் இவர்களுக்கு நல்ல உதவி செய்யும். ஆயினும் பலருக்கு அதனோடு வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டு பிரதிகளும் பழுதானவர் மிகமிகச் சிலர். பெருக்குவதற்குக் கைகளே இல்லாத ஈரலில் ஸ்டாடின் செய்யக்கூடியது சொற்பமே.

பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆகவே தந்தையோ உடன்பிறந்த ஆண்மகனோ 55 வயதுக்கு முன்பும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்புக் கண்டிருந்தால், அக்குடும்பத்தார் அனைவரும் இரத்தச் சோதனை செய்து கொள்ளுதல் நலம்.

பிறவி வேறுபாடு தீங்கு மட்டுமே செய்வதில்லை. பி.சி.எஸ்.கே.9 என்னும் மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாத சிலருக்குக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே குறைந்திருப்பதும், இதய நோய் அரிதாக இருப்பதும் 2006-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் தெரிய வந்தது. இயற்கை அவர்களுக்குச் செய்ததை மருந்தால் பிறருக்கும் செய்யலாமென்று முயன்றதன் பயனாக, 2015-இல் இரண்டு ஊசி மருந்துகள் அனுமதி பெற்றன. ஸ்டாடின் ஒவ்வாதவர்க்கும், அதனால் மட்டும் போதிய பலன் காணாதவர்க்கும் இவை உதவுகின்றன, விலைதான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் மரபணுவே காரணமா?

அன்று. வயது, சிறுநீரகக் கோளாறு, தைராய்டுக் குறைவு, உடன் உண்ணும் வேறு மருந்துகள் ஆகியனவும் தசைத் தொல்லையைத் தூண்டும். மாத்திரையை ஒழுங்காக உண்ணாமையே பலன் குறைவதற்குக் காரணமாகவும் இருக்கலாம். மனத்தின் எதிர்பார்ப்பும் ஒரு காரணமே. லண்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தொல்லை தாங்காமல் ஸ்டாடினை விட்டிருந்த 60 பேர் கலந்து கொண்டனர். சில மாதங்கள் ஸ்டாடின், சில மாதங்கள் மருந்தில்லாப் போலி மாத்திரை, சில மாதங்கள் ஒன்றுமே இல்லை என்று முறை மாற்றிக் கொடுத்தனர். ஸ்டாடின் உண்டபோது அவர்கள் கண்ட தொல்லையில் நூற்றுக்கு 90 பங்கு, போலி மாத்திரை உண்டபோதும் இருந்தது. உண்மை தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர்.

ஆகவே திண்ணையில் கேட்ட வாதத்தில் இரு பக்கமும் சிறிது நியாயம் உண்டு. வலி மருந்தினாலும் வரலாம், அச்சத்தினாலும் வரலாம், நாள் முழுதும் மிதி மிதிக்கும் கால் வேலையினாலும் வரலாம். எதனால் வந்தது என்பதைத் திண்ணையில் தீர்மானிக்க முடியாது. சி.கே. என்னும் எளிய இரத்தச் சோதனை தசை சிதைகிறதா என்பதைக் காட்டும். மரபணுச் சோதனையும் இன்று உண்டு. அதன் முடிவைக் கொண்டு எந்த ஸ்டாடினை எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு 2022-இல் விரிவான வழிகாட்டுதலும் வெளியாகியுள்ளது. ஆனால் எல்லோருக்கும் அச்சோதனை தேவையென்று கூறுவதற்கில்லை. குறைந்த அளவில் தொடங்கி, இரத்தத்தைச் சோதித்து, மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலோர்க்குப் போதும்.

உறுப்பினர்கள் மனத்திற் கொள்ள வேண்டியவை

1. பிறருக்கு எழுதிய மாத்திரையை, பெயர் ஒன்றாயினும், வாங்கி உண்ணலாகாது. நம்முடையதைக் கொடுக்கவும் ஆகாது.

2. வலி கண்டால் தாமே நிறுத்திவிட்டு வாளாவிருத்தல் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இது மிக முக்கியம்.

3. வலியோடு கடும் தளர்ச்சியும், சிறுநீர் கறுத்துப் போதலும் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

4. வேறு நோய்க்காக உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் காட்ட வேண்டும். சில கிருமிக்கொல்லி மருந்துகள் ஸ்டாடினோடு சேர்ந்தால் தீங்கு செய்யும்.

5. மருந்து தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறு சோதனை செய்து, முடிவுச் சீட்டுகளைச் சங்கப் பாஸ் புத்தகம் போல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

6. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் கேளாமலே அதனைச் சொல்ல வேண்டும்.

அன்று திண்ணையில் அவ்விருவரிடமும் நாம் கூறியது இவ்வளவே: முதலில் டாக்டரிடம் போங்கள், பிறகு வாதம் செய்யுங்கள். நான்கு மாதம் கழித்து அதே சங்கத்திற்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. இளையவர் தறியில் இருந்தார். டாக்டர் சில வாரம் மருந்தை நிறுத்தி, இரத்தம் சோதித்து, வேறொரு ஸ்டாடினைக் குறைந்த அளவில் தொடங்கியிருந்தார். வலி இல்லை, கொலஸ்ட்ராலும் இறங்கியிருந்தது. அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்த மூவரும், மாரடைப்புக் கண்டவர் உட்பட, அவர் பேச்சைக் கேட்டே மீண்டும் டாக்டரிடம் சென்றிருந்தனர். தாம் தெருவில் சொன்ன சொல்லைத் தாமே வீடு வீடாகச் சென்று திருத்தியதாக அவர் சற்று நாணத்துடன் கூறினார்.

ஒருவர் சொல்லுக்கு இன்னும் மதிப்புள்ள இடங்கள் நம் நெசவாளர் தெருக்களும் உழவர் ஊர்களும். அம்மதிப்பு உள்ளவரை, மருந்தைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவருடைய உயிரைத் தொடும் என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்வார்களாக.